முதல் வேலை எந்த வார்டில்? புதிதாக வரும் நர்ஸ்களுக்கு ஒரு வழிகாட்டி

இறுதியாண்டு ரிசல்ட் வரும் வாரத்தில் என் போனுக்கு ஓய்வே இருக்காது. தெரிந்தவர் மகள், ஜூனியரின் தங்கை, படிக்கும்போது எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சி போஸ்டிங் வந்துபோன பிள்ளை என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கேள்வி மட்டும் மாறாது: "அக்கா, ஐசியு போகட்டுமா, வார்டு போகட்டுமா?"

நான் திருப்பி ஒன்று கேட்பேன். "அங்க நைட்ல உன்கூட யார் இருப்பாங்க?" பெரும்பாலும் பதில் வராது. சம்பளம் தெரிந்திருக்கும், ஹாஸ்டல் இருக்கிறதா என்று தெரிந்திருக்கும், இதை மட்டும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் என் ஐந்தாவது வார வேலை. ஒரு தனியார் மருத்துவமனை ஐசியு, நைட் டியூட்டி, இரண்டு பேஷண்ட் என் பொறுப்பு. ஒருவருக்குப் பிரஷரைத் தூக்கி நிறுத்தும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் பம்பில் போய்க்கொண்டிருந்தது. தீரப்போகிறது என்று பம்ப் கத்தியது. நான் சத்தத்தை நிறுத்திவிட்டு, ஆம்பியூலை உடைத்து அடுத்த சிரிஞ்சை லோட் பண்ணப் போனேன். அந்த மருந்து நின்றால் அதன் வேலையும் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். நான் லேபிள் எழுதிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் பிரஷர் 110-இலிருந்து 64-க்கு வந்துவிட்டது. பக்கத்து பெட்டில் இருந்த சீனியர் அக்கா ஓடிவந்து, என் கையிலிருந்த சிரிஞ்சைப் பிடுங்கிப் பொருத்தினார். பிரஷர் ஏறிய பிறகு மெதுவாகக் கேட்டார்: "பழசு தீர்றதுக்கு முன்னாடியே புதுசு ரெடியா இருக்கணும்னு யாருமே சொல்லித் தரலையா?"

யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு ஓரியன்டேஷன் என்று நடந்தது மூன்று நாள். அதில் ஒரு நாள் முழுக்கத் தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார்கள்.

பேஷண்ட் பிழைத்தார். ஆனால் அந்த அக்கா அன்று வீக் ஆஃபில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து யோசித்து ஒரு மாதம் தூக்கம் கெட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க நான் துறையின் பெயரைவிட அங்கே பக்கத்தில் நிற்கும் ஆளைப் பற்றியே அதிகம் பேசுவேன்.

தேர்வு உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது

நம் ஊர் நிலவரத்தைப் பேசிவிடுவோம். பல தனியார் மருத்துவமனைகளில் "உனக்கு எந்த டிபார்ட்மென்ட் பிடிக்கும்?" என்று யாரும் கேட்பதில்லை. சேரும் நாளில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ரோஸ்டரைப் பார்ப்பார், எங்கே ஆள் குறைகிறதோ அங்கே அனுப்புவார். அரசு வேலையிலும் காலியிடம் இருக்கும் இடத்துக்குத்தான் போஸ்டிங்.

அப்படியானால் தேர்வு என்பதே இல்லையா? இருக்கிறது, மூன்று இடங்களில். எந்த மருத்துவமனைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பது ஒன்று. டயாலிசிஸ் மட்டுமே நடத்தும் சென்டரில் விண்ணப்பித்துவிட்டு லேபர் வார்டு கேட்க முடியாது. இன்டர்வியூவில் வாய்விட்டுக் கேட்பது இரண்டாவது. மூன்றாவது, ஆறு மாதம் கழித்து வரும் இன்டர்னல் டிரான்ஸ்பர். இந்த மூன்றையும் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவை முடித்துவிடுங்கள். அது கையில் இல்லாமல் "பதிவு வரட்டும், அதுவரை டிரெய்னியாக இரு" என்று குறைந்த சம்பளத்தில் உட்கார வைக்கும் இடங்கள் உண்டு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்கட்டும், அப்போதே திருப்பி வாங்குங்கள்.

படி 1: மூன்று வருடம் கழித்து எங்கே இருக்க ஆசை?

இதற்கான பதிலைப் பொறுத்து முதல் வார்டு மாறும்.

எய்ம்ஸ் போக வேண்டும் என்றால், நர்ஸ்களை எடுக்க எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களுக்குக் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். இங்கே எந்த டிபார்ட்மென்ட் என்பதைவிட எத்தனை படுக்கை என்பதுதான் கணக்கு. வீட்டுப் பக்கத்தில் இருக்கிறதே என்று 20 படுக்கை நர்சிங் ஹோமில் இரண்டு வருடம் போட்டுவிட்டு, ஃபார்ம் நிரப்பும்போது கைபிசைந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மாநில அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். தேர்வானவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட்டில் பிரசவம் வந்தால் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே அரசு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஜெனரல் வார்டும் லேபர் வார்டும்தான் நல்ல தயாரிப்பு.

வளைகுடா நாடுகள் என்றால் விளம்பரத்தைப் பாருங்கள்: ஐசியு, ஆபரேஷன் தியேட்டர், எமர்ஜென்சி, என்ஐசியு (பச்சிளங்குழந்தை ஐசியு), டயாலிசிஸ் என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள், பெரும்பாலும் இரண்டு வருட அனுபவத்தோடு. இங்கே துறை முக்கியம். அதுவும் நடுவில் இடைவெளி இல்லாத அனுபவம். ஜெர்மனிக்குப் போக நினைப்பவர்கள் வார்டைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் மொழி வகுப்புக்கு நேரம் ஒதுக்குங்கள், ரோஸ்டர் நிலையாக இருக்கும் இடமாகப் பார்த்துச் சேருங்கள். அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் தேர்வில் மெடிக்கல், சர்ஜிக்கல், குழந்தை, பிரசவம், மனநலம் எல்லாம் கலந்து வரும். ஒரே தியேட்டருக்குள் மூன்று வருடம் இருந்தவர்கள் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து திறக்க வேண்டியிருக்கும்.

எங்கேயும் போகவில்லை, ஊரிலேயே இருக்கப்போகிறேன் என்பதும் நல்ல பதில்தான். அப்போது ஷிப்டு நேரம், பஸ் வசதி, நைட் முடிந்து வரும் வழி ஆகியவற்றைத் துறைக்கு மேலே வையுங்கள். இதைச் சொன்னால் சில டீச்சர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

படி 2: போஸ்டிங் நாட்களைத் திரும்பிப் பாருங்கள்

எந்த வார்டு பிடித்தது என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். பிடித்ததற்கு அங்கே இருந்த நல்ல டீச்சரோ, ஏசியோகூடக் காரணமாக இருந்திருக்கலாம். எந்த வார்டில் மணி பார்க்க மறந்தீர்கள் என்று யோசியுங்கள். அப்புறம் எந்த வேலையை இன்னொருத்தி தலையில் கட்டப் பார்த்தீர்கள் என்றும் யோசியுங்கள். சளி உறிஞ்சி எடுப்பது குமட்டியதா? அழும் சொந்தக்காரர்களிடம் பேச வாய் வரவில்லையா? ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சலித்ததா, அதுவே நிம்மதியாக இருந்ததா? இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என்னோடு படித்த ஒருத்திக்கு ரத்தம், மலம் எதுவும் பிரச்சினை இல்லை, வாந்தி மட்டும் தாங்காது. அவள் தியேட்டருக்குப் போய் நிம்மதியாக இருக்கிறாள்.

படி 3: ஒவ்வொரு வார்டிலும் ஒரு டியூட்டி எப்படிப் போகும்

ஜெனரல் வார்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் இளப்பமாகப் பார்க்கிறார்கள். முப்பது பெட், நைட்டில் இரண்டு சிஸ்டர். காலை ஐந்தரைக்கு சாம்பிள் எடுக்க ஆரம்பித்தால், சாப்பாட்டுக்கு முன் இன்சுலின், ஆன்டிபயாடிக், யூரின் பேக் காலி செய்வது, இன்டேக் அவுட்புட் கூட்டிப் போடுவது, நடுவில் ஒரு அட்மிஷன், ஒரு சண்டை. எதை முதலில் செய்வது, எது அரை மணி நேரம் காத்திருக்கும் என்று பிரிக்கும் மூளை இங்கேதான் உருவாகும். ஒரு வருடம் இங்கே இருந்தவர் எந்த வார்டுக்குப் போனாலும் கை நடுங்காது.

வார்டில் இன்னொன்று கற்கலாம்: மானிட்டர் இல்லாமல் ஆளைப் பார்த்தே கண்டுபிடிப்பது. நம் சார்ட்டுகளில் மூச்சு எண்ணிக்கை எல்லோருக்கும் 20 என்றே எழுதியிருக்கும், உங்களுக்குத் தெரியாததா! ஒரு நிமிடம் நின்று நிஜமாகவே எண்ணிப் பாருங்கள். நேற்று 18 இருந்தவருக்கு இன்று 26 என்றால், பிரஷரும் பல்ஸும் சரியாக இருந்தாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். உடம்பு மோசமாகப் போவதை மூச்சுதான் பல நேரம் முதலில் காட்டும்.

ஐசியு. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது முறை, பல இடங்களில் இரண்டு பேரைப் பார்க்கச் சொல்வார்கள். மணிக்கு மணி சார்ட், ரத்த வாயு ரிப்போர்ட், பம்புகள், இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது. உடலியங்கியல் பிடித்தவர்களுக்கு இது விருந்து. கற்பது வேகமாக இருக்கும், வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. புதியவர் நேராக ஐசியு போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆறு வாரத்துக்குக் குறையாமல் ஒரு சீனியரின் நிழலில் நிற்க விடும் ஐசியு என்றால் தைரியமாகப் போங்கள். ஒரு வாரத்தில் தனியாக பெட் கொடுக்கும் ஐசியு என்றால், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஒரு வருடம் வார்டில் இருந்துவிட்டுப் போங்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வேறு உலகம். ஸ்கிரப் நர்ஸ் கருவிகளோடு டேபிளில் நிற்பார், சர்க்குலேட்டிங் நர்ஸ் வெளியிலிருந்து எல்லாம் எடுத்துக் கொடுப்பார். இருவரும் சேர்ந்து மாப் (ரத்தம் ஒற்றும் துணி), ஊசி, கருவிகளை எண்ண வேண்டும்: ஆரம்பிக்கும் முன், வயிற்றை மூடும் முன், தோலைத் தைக்கும் முன். ஒரு மாப் குறைகிறது என்று வையுங்கள். நேரம் ஆகிறது, சர்ஜன் "உள்ளே எதுவும் இல்லை, நான் பார்த்துட்டேன்" என்கிறார். அப்போது "சார், கவுன்ட் சரியா வரல, மூட வேண்டாம்" என்று சொல்லும் தொண்டை உங்களுக்கு வேண்டும். தரையில், பக்கெட்டில், டிரேப்பின் மடிப்பில் தேடி அது கிடைக்கும்வரை வாங்கும் திட்டையும் தாங்க வேண்டும். தியேட்டரில் நைட் குறைவாக இருக்கலாம், ஆனால் கூப்பிட்டால் ஓட வேண்டிய ஆன்கால் இருக்கும். மணிக்கணக்கில் நிற்பதால் கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும், சீனியர்கள் போடும் இறுக்கமான சாக்ஸ் ஃபேஷன் இல்லை. குறை என்றால், விழித்திருக்கும் பேஷண்டோடு பேசும் பழக்கமும் வார்டு மருந்துகளும் மெல்ல மறந்துபோகும். முதல் வேலையே தியேட்டர் என்றால் பிற்பாடு வார்டுக்குத் திரும்புவது கஷ்டம் என்று தெரிந்தே போங்கள்.

லேபர் வார்டு பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய தனியார் மருத்துவமனையில் பிரசவத்தை டாக்டர்தான் பார்ப்பார், நீங்கள் உதவி. கையால் பிரசவம் பார்க்கக் கற்க வேண்டுமென்றால் அரசு மருத்துவமனை அல்லது மிஷன் மருத்துவமனை தேடுங்கள். வேலை நிதானமாகப் போய்க்கொண்டே இருந்து, ஐந்து நிமிடத்தில் தலைகீழாகும். குழந்தை வந்த ஒரு நிமிடத்துக்குள் அம்மாவுக்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் தசையில் போட வேண்டும். அதற்கு முன் வயிற்றில் கை வைத்து, இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒரு கண் குழந்தையின் அழுகையில், ஒரு கண் அம்மாவின் ரத்தப்போக்கில். இரண்டு உயிர் என்று சும்மாவா சொன்னார்கள்!

டயாலிசிஸ் யூனிட்டில் ஒரு ஷிப்டு நான்கு மணி நேரம், அதே ஆட்கள் வாரத்துக்கு மூன்று முறை வருவார்கள். மற்ற எந்த வார்டிலும் கிடைக்காத உறவு இங்கே கிடைக்கும். யார் நேற்றுக் கல்யாண வீட்டில் பாயசம் குடித்தார்கள் என்று எடை மெஷினே காட்டிக்கொடுக்கும். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலா மேல் விரலை வைத்தால் பூனை அடித்தொண்டையில் உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். தெரியவில்லை என்றால் ஊசி குத்தக் கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். நைட் குறைவு என்பதால் குடும்பம் இருப்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் பல சென்டர்களில் மெஷின் வேலையை டெக்னீஷியன்கள் செய்வார்கள். நர்ஸுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருடம் ரிஜிஸ்டர் எழுதியே போய்விடும்.

என்ஐசியுவில் கணக்கு தகராறு என்றால் யோசியுங்கள். 900 கிராம் குழந்தைக்கு மருந்து பாயின்டில் போகும், ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. பொறுமையும் சுத்தமான கையும் இருப்பவர்களுக்கு அருமையான இடம்.

கேஷுவாலிட்டியில், அதாவது அவசரப் பிரிவில், எல்லா வகை நோயாளியும் வருவார்கள், எல்லா வகை கூட்டமும் வரும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் டிரையாஜ் முறை ஒழுங்காக நடக்கும் இடமா, வாசலில் செக்யூரிட்டி இருக்கிறாரா என்று பாருங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நைட் இரண்டு மணிக்குச் சட்டத்தைவிட செக்யூரிட்டி அண்ணாதான் சீக்கிரம் வருவார்.

மனநலம், புற்றுநோய், வலி நிவாரணம் ஆகிய மூன்றும் வயதும் அனுபவமும் கொஞ்சம் சேர்ந்த பிறகு போனால் நன்றாக வரும் என்பது என் கருத்து. விதிவிலக்குகள் உண்டு. ஓ.பி. மட்டும் முதல் வருடத்தில் வேண்டாம். ஞாயிறு லீவு கிடைக்கும், கைத்தொழில் போய்விடும்.

பிரதர்களுக்கு, அதாவது ஆண் நர்ஸ்களுக்கு, ஒரு வார்த்தை: உங்களை லேபர் வார்டிலோ பெண்கள் வார்டிலோ போடுவது அரிது. ஐசியு, கேஷுவாலிட்டி, தியேட்டர், டயாலிசிஸ் என்றுதான் வரும். உடல் பலத்துக்காக மட்டும் தூக்கவும் நகர்த்தவும் கூப்பிடுவார்கள். அதைச் செய்யுங்கள், ஆனால் மருந்து கொடுக்கும் வேலையை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள்.

படி 4: இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கள்

நம் பிள்ளைகளுக்கு இன்டர்வியூவில் கேள்வி கேட்டால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். பணிவாகக் கேட்டால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். "மேடம், புதுசா வர்றவங்களுக்கு ஓரியன்டேஷன் எத்தனை வாரம்? தனியா பெட் எப்போ கொடுப்பீங்க?" என்று தொடங்குங்கள். நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட், ஷிப்டில் இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர் ஒருவராவது இருப்பாரா, மற்ற வார்டுக்கு ஆள் குறைந்தால் புதியவரை அனுப்புவார்களா என்பதையும் கேளுங்கள். பாண்ட் உண்டா, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் பாருங்கள்.

சம்பளம் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், பல இடங்களில் நடப்பு வேறு. ஆனால் அந்த எண் உங்கள் மனதில் இருக்கட்டும்.

முடிந்தால் இன்டர்வியூ முடிந்ததும் கேன்டீனில் ஒரு டீ குடியுங்கள். மதியம் இரண்டு மணிக்குக் காலை ஷிப்டு இறங்கி வருவார்கள். மூன்று மணிக்கும் யாரும் வரவில்லை என்றால் அதுவே ஒரு பதில். வருகிறவர்களிடம் "அக்கா, போன வருஷம் சேர்ந்தவங்க எத்தனை பேர் இன்னும் இருக்காங்க?" என்று கேளுங்கள். ஹெச்.ஆர். சொல்லாததை அந்தப் பதில் சொல்லும்.

படி 5: முதல் மூன்று மாதம்

சேரும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முடிந்திருக்க வேண்டும், தியேட்டருக்கும் டயாலிசிஸுக்கும் போகிறவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பு அளவையும் பார்த்துவிடுங்கள். ஊசி குத்திக்கொண்டால் மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. திட்டுவார்களே என்று ஒரு பிள்ளை இரண்டு நாள் சொல்லாமல் இருந்ததை நான் அறிவேன்.

பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு. உங்கள் வார்டில் அடிக்கடி போகும் இருபது மருந்துகளை முதல் வாரத்தில் எழுதுங்கள்: எதில் கலப்பது, எவ்வளவு நேரத்தில் போடுவது, எதோடு சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு டியூட்டியிலும் ஓவர் எடுத்தவுடன் (முந்தைய ஷிப்டிடம் பொறுப்பு வாங்கியவுடன்) கிராஷ் கார்ட் என்ற அவசர மருந்து வண்டி எங்கே, சளி உறிஞ்சும் சக்ஷன் வேலை செய்கிறதா, ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். தெரியாத மருந்தைக் கொடுக்கச் சொன்னால் "எனக்கு இது புதுசு, கூட நில்லுங்க" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக ஒரு வார்டு உங்களைக் கேலி செய்தால், அந்த வார்டைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

மாற்றிக்கொள்ளலாமா?

முதல் மாதம் அழாத நர்ஸ் இல்லை, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆறாவது மாதத்திலும் டியூட்டிக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிசைந்தால் அப்போது யோசியுங்கள். பயம் வேலையைப் பார்த்தா, ஆளைப் பார்த்தா என்று பிரியுங்கள். ஒரு இன்சார்ஜ் சிஸ்டரால் வெறுத்துப்போய் நல்ல துறையை விட்டவர்கள் நிறைய.

அந்த நார்அட்ரினலின் நைட்டுக்குப் பிறகு நான் சர்ஜிக்கல் வார்டுக்கு டிரான்ஸ்பர் கேட்டேன். தோற்றுப்போனவள் போலத்தான் இருந்தது. ஒன்றரை வருடம் கழித்து அதே ஐசியுவுக்கு நானே கேட்டுத் திரும்பினேன், அப்போது பிடித்துப்போனது. பின்னாளில் துறையில் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு கிரிட்டிக்கல் கேர், நியோனேட்டல், ஆன்காலஜி, ஆபரேஷன் ரூம் என்று ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோக்கள் இருக்கின்றன. அதற்கு அவசரம் இல்லை.

டிரான்ஸ்பரை வாயால் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வேலையை விடும் நாளில் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். வெறும் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். எந்த டிபார்ட்மென்ட், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மருத்துவமனையில் எத்தனை படுக்கை, மூன்றும் இருக்க வேண்டும். நடுவில் வார்டு மாறியிருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து, இன்சார்ஜ் எல்லாம் மாறிய பிறகு அதைத் திருத்தி வாங்கப் போய் நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.